துண்டிலிருந்து கணினி வரை

பேராதனையிலிருந்து தெல்தோட்டைக்குச் செல்லும் பாதையில் பயணம் செய்வோர் ஒரு நாட்டின் விஞ்ஞான வரலாற்றையே வழியில் கண்டுவிடலாம். பாதை தொடங்கும் இடத்துக்கு அண்மையில் 1821ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரச தாவரவியல் தோட்டம். சற்று அப்பால் 1952ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பல்கலைக்கழகம். கலஹாவைக் கடந்து மேலே ஏறினால் தேயிலை மலைகள். அம்மலைகளின் மடியில் லயங்கள். விஞ்ஞானம் இப்பாதையில் கீழிருந்து மேலே சென்றது. செல்வம் மேலிருந்து கீழே இறங்கிற்று. லயத்தில் வாழ்ந்த மனிதனுக்கு இவ்விரண்டிலும் எவ்வளவு கிட்டியது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

அரசாங்கங்கள் இன்று தொழில்நுட்ப முன்னுரிமைகளைப் பற்றி நிறையப் பேசுகின்றன. எந்தக் கருவியை முதலில் வாங்குவது, எந்தச் சேவையை முதலில் கணினியில் ஏற்றுவது என்பதெல்லாம் வல்லுநர்களின் விவகாரம் என்று எண்ணிப் பொதுமக்கள் ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால் முன்னுரிமை என்பது ஒரு வரிசை. வரிசையில் முன்னே நிற்பவர் யார், பின்னே தள்ளப்படுபவர் யார் என்பது யந்திரங்களின் விவகாரமன்று, சமுதாயத்தின் விவகாரம். இதை விளங்கிக்கொள்ள மலைநாட்டைவிடச் சிறந்த பாடசாலை வேறில்லை.

தெல்தோட்டையை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பங்களாவின் விறாந்தை மேசையில் இலையைக் கையால் சுருட்டி, கரியடுப்பின் சூட்டில் உலர்த்திப் பரீட்சித்தார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கம் அதுவே. அதே 1867ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை கண்டியை எட்டியது. அப்பாதையின் அவசியத்தை அரசாங்கத்துக்கு உணர்த்தியது காப்பி மூட்டை. மனிதப் பயணியின் களைப்பன்று. காப்பி ஏற்றுமதியின்மீது விதித்த தீர்வை அப்பாதைக்குப் பணம் தந்தது.

1869ஆம் ஆண்டில் காப்பி இலையில் துருநோய் தோன்றியபோது பேராதனைத் தோட்டத்தின் அதிபர் துவெயிட்ஸ் அதை இங்கிலாந்தின் பூஞ்சண விஞ்ஞானிகளின் பார்வைக்கு அனுப்பினார். 1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இந்நோயை ஆராய்வதற்கென்றே இலங்கைக்கு வந்து இரண்டாண்டுகள் உழைத்தார். காப்பி பிழைக்கவில்லை, ஆயினும் அரசு வாளாவிருந்ததாகச் சொல்ல முடியாது. ஹக்கலையில் 1861ஆம் ஆண்டிலேயே சிங்கோனா வளர்ப்பதற்கென ஒரு தோட்டம் அமைந்திருந்தது. பிற்காலத்தில், 1925ஆம் ஆண்டில், தேயிலைக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஓர் இலையில் புள்ளி விழுந்தால் கடல் கடந்து விஞ்ஞானி வருகிறான்! கொழுந்து பறித்தவளின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதே வேகத்தில் வைத்தியன் வந்தானா? முன்னுரிமை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

தொழிலாளியை விஞ்ஞானம் அடியோடு மறந்துவிட்டது என்று சொன்னால் அதுவும் பிழையாகும். அவனைப் பற்றிய ஒரு விஷயத்தில் ஆட்சியாளரும் தோட்ட முதலாளிகளும் மிகுந்த கவனம் செலுத்தினர். அவன் யார், எந்தத் தோட்டத்துக்கு உரியவன், எவ்வளவு கடன்பட்டவன் என்ற தகவலே அது. இன்று தகவல் தொழில்நுட்பம் என்று நாம் பெருமையுடன் வழங்கும் கலை, மலைநாட்டில் இவ்வாறுதான் பிறந்தது.

அதன் முதற் கருவி 'துண்டு'. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம் அது. அக்காகிதமின்றி அடுத்த மலையில் வேலை இல்லை. கங்காணியின் கணக்கில் கடன் ஏறும். துண்டு அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்து செல்லும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழிக்கும்வரை எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு அந்த ஒரு விரற்கடைக் காகிதத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

இரண்டாவது கருவி தகரத்தில் அமைந்தது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், 1901ஆம் ஆண்டளவில், 'டின் டிக்கட்' முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தமிழகத்துக் கிராமத்தான் கப்பலேறினான். வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் சேர வேண்டும் என்பதை அவ்வில்லை தவறாமல் அறிவித்தது. அணிந்தவனின் பெயரை அறிவிக்கும் அவசியம் அதற்கு இருக்கவில்லை. மூன்றாவது கருவி செக்ரோல். விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் விழும். மாலையில் கொழுந்தின் எடை விழும். எடை குறைந்தால் அரைப்பேர் விழும். எழுதுகோல் கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. எழுதப்பட்டதைப் படித்துப் பார்க்கும் கல்வி தொழிலாளிக்குக் கொடுக்கப்படவில்லை.

இம்மூன்று கருவிகளும் பழுதின்றி வேலைசெய்தன. அவை மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அறிந்துகொள்ள உதவின. கீழே இருப்பவர் தம்மைத் தாமே நிரூபித்துக்கொள்ள உதவவில்லை. இவ்வேறுபாட்டின் கொடுமை சுதந்திரத்தின் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானியர் சட்டம் விண்ணப்பிக்க வழிவிட்டது. ஆனால் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெயர் எழுதி வைக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரிடம், நீ இங்கிருந்தாய் என்பதற்கு எழுத்து எங்கே என்று கேட்கப்பட்டது! ஏடுகள் துரையின் அலுவலகத்தில் இருந்தன. வியர்வை மட்டும் அவர்களிடம் இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. மனிதரைத் தொகையாக மட்டும் காணும் பழக்கம் துண்டோடு ஒழிந்துவிடவில்லை.

இனிக் கணினியின் கதைக்கு வருவோம். 1984ஆம் ஆண்டில், சட்டத்தின் வழியே, கணினித் துறைக்கென ஒரு தேசிய சபை இலங்கையில் உருவாயிற்று. பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அதற்குத் தலைமை தாங்கினார். தன் மொழியில் பேசாத கணினி மக்களுக்குப் பயன்படாது என்ற உணர்வு அந்தத் தலைமுறையின் அறிஞரிடம் இருந்தது. பின்னர் 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தைத் தோற்றுவித்தது. அதே ஆண்டில் அதே பாராளுமன்றம் நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம், நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை வழங்கியது. ஒரே ஆண்டில் ஒரு சட்டம் அரசாங்கத்தைக் கணினி யுகத்துக்கு அழைத்தது. இன்னொரு சட்டம் நாடற்றவனாய் எஞ்சியிருந்த மலைநாட்டு மனிதனைக் குடிமகன் என்று அழைத்தது. இவ்விரண்டு அழைப்புகளும் ஒன்றையொன்று சந்தித்தனவா?

ஓரளவு சந்தித்தன என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. முகவர் நிலையம் நூலகங்களிலும் சமயத் தலங்களிலும் 'நெனசல' என்ற அறிவுக்கூடங்களைத் திறந்தது. வசதியற்ற பிள்ளைகள் பலர் அங்கேதான் கணினியை முதலில் தொட்டனர். அத்திட்டம் 2014ஆம் ஆண்டில் சர்வதேச விருதொன்றையும் பெற்றது. 1919 என்ற எண்ணை அழைத்து மும்மொழியிலும் அரசாங்கத் தகவலைக் கேட்கும் வசதியும் உண்டாயிற்று. இவை பாராட்டுக்குரியவை.

எனினும் வரிசையைக் கவனியுங்கள். கணினியில் சிங்கள எழுத்துக்கான தேசிய நியமம் 1996ஆம் ஆண்டில் வந்தது. தமிழுக்கான நியமம் 2008ஆம் ஆண்டில் வந்தது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிய பின்னர் 21 ஆண்டுகள் கழிந்திருந்தன. கணினி அறிவைப் பற்றிய அரசின் அளவீடுகள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கின்றன. தோட்டம் எப்போதும் மூன்றாவது இடத்திலேயே நிற்கிறது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, சமிக்ஞையைத் தேடி மலைநாட்டுப் பிள்ளைகள் குன்றுகளில் ஏறினர். அவர்களுடைய பெற்றோர் ஏறிய அதே குன்றுகள்தாம்!

தெல்தோட்டைப் பகுதியில் ஒரு முதியவளைச் சந்தித்தோம். நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்தவள். அவளுடைய பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், செக்ரோலில் இன்னொருவிதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாம் விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. தமிழ் தெரியாத எழுதுவினைஞர் காதில் விழுந்ததை எழுதியதன் விளைவு அது. சேமலாப நிதியைப் பெற அவள் அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் பலமுறை அலைந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒருநாட் சம்பளம் போயிற்று. "நான் ஒருத்திதானே ஐயா, ஏன் மூணு பேரா எழுதினாங்க?" என்று நம்மைக் கேட்டாள். நம்மிடம் விடையில்லை.

2025ஆம் ஆண்டில் அரசாங்கத்துக்குரிய கட்டணங்களைக் கைத்தொலைபேசியிலேயே செலுத்தும் முறை தொடங்கியது. தனித்துவ மின்னியல் அடையாளத்துக்கான திட்டமும் வகுக்கப்பட்டிருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அம்மூதாட்டியின் மூன்று பெயர்களும் திருத்தப்படாமலே கணினிக்குள் ஏற்றப்பட்டால் என்னவாகும்? கணினி பிழையைத் திருத்தாது. பிழையை விரைவாக எடுத்துச் செல்லும். காகிதத்திலிருந்த பிழையைக் கெஞ்சியாவது திருத்தலாம். யந்திரத்தின் பிழையிடம் யாரைக் கெஞ்சுவது?

வளம் குறைந்த நாட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது, ஆகவே பலன் விரைவில் கிட்டும் நகரத்தில் தொடங்குவதே முறை என்று சிலர் வாதிக்கின்றனர். வளம் குறைவு என்பது உண்மை, முடிவுதான் பிழை. டெய்லரின் 19 ஏக்கரும் அந்நாளில் வருமானம் தரும் என்ற நிச்சயத்தோடு நடப்படவில்லை. மலையைக் குடைந்து புகையிரதம் விட்டவர்கள் மலையின் தூரத்தைக் காரணம் காட்டி நின்றுவிடவில்லை. காப்பிக்கும் தேயிலைக்கும் தூரம் தடையாகவில்லை. அவற்றைப் பறித்த கைகளுக்கு மட்டும் தூரம் எப்படித் தடையாயிற்று?

ஆதலின் முன்னுரிமைகளை வகுப்போர் லயத்தின் வாசலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். முதலாவது, பெயர்: ஒவ்வொருவரின் பெயரும் அவரவர் மொழியில், அவரே சரிபார்த்த வடிவில், ஏட்டில் ஏற வேண்டும். இரண்டாவது, முகவரி: பல தோட்டங்களில் கடிதம் இன்னும் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே லயத்துக்குச் செல்கிறது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை பணிசெய்வதற்குத் தடையாயிருந்த 33ஆம் பிரிவு 2018ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது. முகவரியற்றவனை எந்தக் கணினி தேடிக் கண்டுபிடிக்கும்? மூன்றாவது, மொழி: தமிழில் இயங்காத சேவை முடிவடையாத சேவை என்றே கொள்ளப்பட வேண்டும். நான்காவது, கணக்கு: பறித்த கொழுந்தின் எடையும், பெற்ற சம்பளமும், சேர்ந்த நிதியும் தொழிலாளியின் கையிலுள்ள கருவியில் அவளுக்கே தெரிய வேண்டும். இவையெல்லாம் பெரிய யந்திரங்களைக் கேட்பனவல்ல; பெரிய மனத்தையே கேட்கின்றன.

துண்டு தொழிலாளியைக் கட்டிவைத்தது. தகர வில்லை அவனை எண்ணாக்கியது. செக்ரோல் அவனுடைய நாளை அளந்தது. கணினி என்ன செய்யப்போகிறது என்பதை யந்திரம் தீர்மானிக்கப்போவதில்லை. அதை நாம் தீர்மானிக்க வேண்டும். தெல்தோட்டை மலையில் கூடை சுமப்பவளும் நம்மோடு உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.