மரபறிவு வள வகைப்பாடு

மரபறிவு வள வகைப்பாடு (டி.கே.ஆர்.சி.) என்பது ஆயுர்வேதம், சித்தம், யுனானி, யோகம் ஆகிய துறைகளின் பழைய நூல்களில் உள்ள செய்திகளைக் கணினியில் தேடத்தக்க குறியீடுகளாக மாற்றுவதற்குப் புது தில்லியில் உருவாக்கப்பட்ட முறையாகும். அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றமும் (சி.எஸ்.ஐ.ஆர்.) இந்திய மருத்துவத் துறையும் சேர்ந்து 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னணு நூலகத்தின் (டி.கே.டி.எல்.) அடித்தளம் இதுவே. ஏறத்தாழ 25,000 உட்பிரிவுகள் கொண்டது. உலகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டின் அச்சிலேயே உள்ளூர் அறிவை வார்த்தது இதன் தனித்தன்மை.

முன்வரலாறு

அறிவைக் கூறுகளாகப் பிரித்துக் குறியிடும் பழக்கம் தில்லிக்குப் புதிதன்று. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகம் வந்து 1954 வரை (சில குறிப்புகளின்படி 1955 வரை) பணியாற்றினார். அவருடைய முறையில் ஒரு பொருளுக்கு ஆயத்தமான எண் கிடையாது. கூறுகளைக் கோத்து எண்ணை ஆக்கிக்கொள்ள வேண்டும். நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்-கதிர் மருத்துவம் பற்றிய ஆராய்ச்சி என்றால், மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்-கதிர், ஆராய்ச்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி; நடுவே காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி. இடமும் காலமும் கடைசியில் சேரும். லண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளே இந்த எண்ணத்தைத் தந்தது என்று அவர் சொல்லிவந்தார்.

1952-இல் யுனெஸ்கோ உதவியுடன் தில்லியில் இன்ஸ்டாக் என்னும் அறிவியல் ஆவண மையம் தோன்றியது. 2002-இல் அது மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து நிஸ்கேர் ஆனது. டி.கே.டி.எல். பணி இங்குதான் நடந்தது.

மஞ்சள் வழக்கு

1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை 5,401,504 வழங்கப்பட்டது. மஞ்சள் தூளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவது அதன் உரிமைகோரல். மறுபரிசீலனை கோரி சி.எஸ்.ஐ.ஆர். 32 சான்றுகளை முன்வைத்தது. சமஸ்கிருத, உருது, இந்தி நூற்பகுதிகளோடு, இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வந்த ஒரு கட்டுரையும் அவற்றுள் இருந்தது. காப்புரிமை நீக்கப்பட்ட ஆண்டை 1997 என்பாரும் 1998 என்பாரும் உண்டு. முடிவு முந்தைய ஆண்டிலும் முறையான சான்று பிந்தைய ஆண்டிலும் வந்ததால் இந்த வேறுபாடு. வேம்பின் பூஞ்சைக்கொல்லிப் பயன் குறித்த ஐரோப்பியக் காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டது. அதன் மேல்முறையீடு 2005-இல் தள்ளுபடியானது.

காப்புரிமை ஆய்வாளர் ஒரு விண்ணப்பத்தைப் பார்க்கும்போது முன்பே அறியப்பட்ட செய்தியா என்று தம் கோப்புகளில் தேடுகிறார். அடிபட்டால் மஞ்சள் வைக்கும் வழக்கம் நம் ஊரில் பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும். ஆய்வாளருடைய கோப்பில் அது இல்லை. கோப்பில் இல்லாததை வைத்து அவர் எதையும் மறுக்க முடியாது. இந்திய மருத்துவம் தொடர்பாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 தவறான காப்புரிமைகள் வழங்கப்படுகின்றன என்று டி.கே.டி.எல். வல்லுநர் குழு 2005-இல் மதிப்பிட்டது. அது மதிப்பீடே அன்றிக் கணக்கெடுப்பன்று. ஒவ்வொன்றாக வழக்காடுவதைவிட, கோப்பிலேயே செய்தியைச் சேர்த்துவிடுவது என்ற முடிவு இவ்வழக்குகளிலிருந்து பிறந்தது.

அமைப்பும் செயல்முறையும்

பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாடு 1971-ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கையால் நிறுவப்பட்டது. பிரிவு, வகுப்பு, உள்வகுப்பு, தொகுதி, உட்தொகுதி என்று அடுக்கடுக்காக இறங்குவது. டி.கே.ஆர்.சி. அந்த அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவே, தில்லியிலேயே உருவானபோதிலும், இது கூறுகளைக் கோக்கும் அரங்கநாதனின் முறையைவிடப் பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டின் அடுக்கு முறைக்கே நெருக்கமானது.

வேலை நடக்கும் விதம் இது: பாடம் அறிந்த மருத்துவர் ஒருவர் சுலோகத்தையோ செய்யுளையோ படித்து, அதிலுள்ள மருந்துப் பொருள், செய்முறை, நோய் முதலியவற்றுக்கு உரிய குறியீடுகளைத் திரையில் நிரப்புகிறார். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளிலும் சொற்கள் முன்பே சேமிக்கப்பட்டுள்ளன. ஒருமுறை குறியிட்டதை மென்பொருள் ஐந்து மொழிகளில் எழுதித் தருகிறது. இது எழுத்துப்பெயர்ப்பும் அன்று, வழக்கமான மொழிபெயர்ப்பும் அன்று. ‘மசூரிகா’ என்பது பெரியம்மையாகவும் ‘ஜ்வரம்’ என்பது காய்ச்சலாகவும் பொருளறிந்து மாறுகிறது.

சித்த மருத்துவர் சுக்கு என்பதை ஆயுர்வேதி சுண்டி என்பார், யுனானி ஹக்கீம் ஜஞ்சபீல் என்பார்; தாவரவியலில் மூன்றும் சிஞ்சிபர் அஃபிசினாலே. இத்தகைய இடங்களில் முறை சிறப்பாக இயங்கும். கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை என்று ஒரே நூலில் பெயர் மாறினாலும் தொல்லையில்லை. தொல்லை பரிபாஷையில் வருகிறது. சித்தர்கள் ஒரு சொல்லுக்குள் இன்னொரு பொருளை மறைத்து வைத்தவர்கள். முப்பூ என்னும் சரக்கு எது என்பதில் சித்த மருத்துவரிடையே இன்றும் பல கொள்கைகள் உள்ளன. குறியீடோ ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைக் கேட்கிறது.

பன்னாட்டு ஏற்பு

2001-இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் கீழ் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், சீனா, இந்தியா ஆகியவை அடங்கிய பணிக்குழு டி.கே.ஆர்.சி.யை ஆராய்ந்தது. அதுவரை மூலிகை மருந்துகளுக்குப் பன்னாட்டு வகைப்பாட்டில் இருந்தது ஏ61கே 35/78 என்னும் ஒரேயோர் உட்பிரிவு. 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் அது ஏ61கே 36 என்ற தனித் தொகுதியாகி, ஏறத்தாழ 200 உட்பிரிவுகளாக விரிந்தது. அச்சைக் கடன் வாங்கிய வகைப்பாடு, அந்த அச்சையே சற்று அகலமாக்கிவிட்டது என்று இதைச் சொல்லலாம்.

2009 பிப்ரவரியில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அலுவலகமும் தரவுத்தளத்தைப் பயன்படுத்த உடன்பட்டன.

மென்பொருள் தரநிலைகளுடன் ஒப்பீடு

ஏற்கெனவே பழக்கமான அச்சில் அறிவை வார்க்கும் முயற்சி மென்பொருள் துறையிலும் நடந்தது. ஒரு துறையில் எவையெவை உள்ளன, அவை எவ்வாறு தொடர்புடையன என்பதைக் கணினிக்கு விளங்கும்படி வரையறுப்பதை ஆன்டாலஜி என்பர். மென்பொருளை வரைந்து காட்டுவதற்கான யு.எம்.எல். 1997-இல் தரநிலையானது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேன்ஃபீல்டும் பர்விஸும் 1999-இல் அதையே ஆன்டாலஜி எழுதும் மொழியாகக் கொள்ளலாம் என முன்மொழிந்தனர். பொறியாளர்கள் அந்தப் படங்களை ஏற்கெனவே வரையத் தெரிந்தவர்கள் என்பது அவர்களுடைய வாதங்களுள் ஒன்று. இணையத்துக்கான ஆன்டாலஜி மொழியான ஓ.டபிள்யூ.எல். 2004-இல் வந்தது, இரண்டுக்கும் பாலமான ஓ.டி.எம். தரநிலை 2009-இல் வெளியானது.

பாலம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. யு.எம்.எல்.லில் ஒரு பண்பு ஒரு வகுப்புக்குள் அடங்கிக் கிடக்கும், ஓ.டபிள்யூ.எல்.லில் அது தனித்து நிற்கும். மென்பொருள் வரைபடத்தைப் படிப்பவர் அதில் காட்டப்படாததை இல்லை என்றே கொள்வது வழக்கம். ஓ.டபிள்யூ.எல். ஒன்று சொல்லப்படாததாலேயே அதைப் பொய் என்று கொள்ளாது. மஞ்சள் வழக்கை நினைவில் வைத்துப் பார்த்தால், காப்புரிமை அலுவலகம் முதல் வகையைச் சேர்ந்தது.

கருத்து வேறுபாடுகள்

டி.கே.ஆர்.சி.யை ஆன்டாலஜி எனலாமா என்பது வரையறையைப் பொறுத்தது. கணினி அறிவியலாளர் டாம் குரூபர் 1993-இல் தந்த பரந்த விளக்கத்தின்படி ஓரளவுக்கு எனலாம். தருக்க விதிகளால் புதிய முடிவுகளைப் பெறுவதே ஆன்டாலஜி என்போருக்கு இது வகைப்பாடு மட்டுமே. நூலில் எழுதப்பட்டவை மட்டுமே இதில் இடம்பெறுகின்றன என்பதும், வாய்வழியாக வரும் பழங்குடி, நாட்டு மருத்துவம் வெளியே நிற்கிறது என்பதும் அடிக்கடி எழும் குறை. காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் திறந்திருந்ததும் விவாதத்துக்கு உள்ளானது. எல்லோருக்கும் திறந்தால் திருட்டுக்கு வழியாகும் என்பது மறுதரப்பின் வாதம்.

அண்மைக் காலம்

2021-இல் நிஸ்கேர் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் தரவுத்தளத்தைப் பிற பயனர்களுக்கும் கட்டம் கட்டமாகத் திறக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இன்று அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகளும் செய்திகளும் உள்ளன.

சித்த நூல்கள் பலவும் ‘போகர் 7000’ என்பதுபோலப் பாடல் தொகையைப் பெயரிலேயே தாங்கியவை. மியூனிக்கிலுள்ள காப்புரிமை ஆய்வாளர் அவற்றின் சரக்கையும் அளவையும் நோயையும் இன்று ஜெர்மன் மொழியில் படிக்கிறார். வைத்தியர் மனப்பாடம் செய்யத் துணையாயிருந்த எதுகைக்கும் மோனைக்கும் 25,000 உட்பிரிவுகளில் இடமில்லை.