பேரரசரின் கைக்கடிகாரம்

பழைய தங்கக் கைக்கடிகாரத்தை நகைக்கடைத் தராசில் வைத்தால் அது வெறும் 18 காரட் பொன். நூற்றுக்கு 75 பங்கு தங்கம், மிச்சம் வேறு உலோகம். கண்ணாடி, முகப்பு, உள்ளே ஓடும் இயந்திரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது பல கடிகாரங்களுக்கு இதுதான் நடந்தது. கூடு உலைக்குள் போனது, இயந்திரம் ஏதோ ஒரு டப்பாவில் கிடந்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் தங்கக் கடிகாரங்கள் அரிதாகிப் போனதற்கு, அவை தங்கமாக இருந்ததும் ஒரு காரணம்.

உலைக்குத் தப்பிய ஒன்றைப் பார்ப்போம். வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் கட்டியிருந்த ரோலெக்ஸ், மாதிரி எண் 6062. மஞ்சள் தங்கக் கூடு, 36 மில்லிமீட்டர் அகலம். கிழமை, தேதி, மாதம், நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாம் காட்டும். சாவி கொடுக்க வேண்டாம், கை அசைந்தாலே ஓடும். முகப்பு கறுப்பு, அதில் மணிக்குறிகளாக வைரங்கள். கறுப்பு முகப்பில் வைரம் பதித்த 6062 மூன்றுதான் தெரியவந்திருக்கின்றன. அவற்றில் இரட்டைப்படை மணிகளில் வைரம் இருப்பது இது ஒன்றில் மட்டும்.

இதை அவர் வாங்கியது 1954இல், ஜெனீவாவில். தியென் பியென் பூ மே 7ஆம் தேதி விழுந்தது. மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது. அந்த வசந்தத்தில் பேரரசர் ஒரு கடைக்குள் நுழைந்து, இருப்பதிலேயே அரிதான ரோலெக்ஸ் வேண்டும் என்று கேட்டாராம். காட்டியது எதுவும் பிடிக்கவில்லையாம். கடைசியில் ரோலெக்ஸ் நிறுவனத்திடமிருந்தே இதை வரவழைத்துக் கொடுத்தார்களாம். ஏலக்காரர்கள் சொல்லும் கதை இது. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனா அந்த வருடத்துக்கு மெருகு தேவையில்லை. ஜூலை 21க்குள் அவர் நாடு 17ஆம் அட்சரேகையில் இரண்டாகிவிட்டது. 1955 அக்டோபரில் நியோ தின் தியெம் நடத்திய வாக்கெடுப்பில் பதவியும் போனது. தியெமுக்கு 98 சதவீதம் என்று அறிவித்தார்கள். சைகோனில் பதிவு செய்த வாக்காளர்களைவிட விழுந்த வாக்குகள் அதிகம்! பாவோ தாய் 1997இல் பாரிஸில் இறந்தார்.

2002இல் கடிகாரம் ஏலத்துக்கு வந்தது. 3 லட்சத்து 42 ஆயிரம் சுவிஸ் பிராங்க். 2017 மே மாதம், ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 50 லட்சத்து 66 ஆயிரம். பதினைந்து வருடத்தில் ஏறக்குறைய பதினைந்து மடங்கு. அன்றைக்கு எந்த ரோலெக்ஸும் அவ்வளவுக்குப் போனதில்லை. அதே அக்டோபரில் நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போய் அதைத் தாண்டியது. அது வெறும் எஃகு.

அப்படீன்னா சேகரிப்பவர் எதற்குக் காசு கொடுக்கிறார்? செய்கூலிக்கும் இல்லை, கிராமுக்கும் இல்லை. முகப்புக்கு மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார்களா, கூட்டைத் தேய்த்து மெருகிட்டதில் முத்திரை அழிந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். பளபளப்பு ஏறினால் விலை இறங்கும். கீறல் இருந்தாலும் அது பழைய கீறலாக இருந்தால் சரி. கடைசியாகக் கேட்பது: இது யார் கையில் இருந்தது?

பாவோ தாயிடம் இன்னொரு தங்கமும் இருந்தது. 1823இல் மின் மாங் மன்னர் செய்வித்த அரச முத்திரை, 10.78 கிலோ. 1945 ஆகஸ்ட் 30 அன்று ஹூவே கோட்டை வாசலில், முடி துறந்தபோது, அதையும் வாளையும் புதிய அரசின் ஆட்களிடம் கொடுத்தார். பின்னாளில் அது பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 2022இல் பாரிஸில் ஏலம் என்று அறிவித்ததும் வியட்நாம் அரசு குறுக்கே வந்தது. ஏலம் நின்றது. வியட்நாமியர் ஒருவரே வாங்கினார், 2023 நவம்பரில் முத்திரை நாடு திரும்பியது.

கடிகாரத்தை யாரும் அப்படித் திரும்பக் கேட்கவில்லை. கேட்க நியாயமும் இல்லை. முத்திரை நாட்டுடையது, கடிகாரம் அவர் சொந்தக் காசில் வாங்கியது. ஆனா அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று ஏலப் புத்தகத்தில் யாரும் எழுத மாட்டார்கள். நாடு பிளந்த வருடத்தில் வாங்கியது என்பது அங்கே ஒரு வரி, விலையைக் கூட்டும் வரி. பிளந்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் சண்டையில் செத்தார்கள்.