ஸ்ரீபெரும்புதூரில் பொய்த்த கணிப்புகள்

வருவதை முன்கூட்டி அறிவதில் மனிதனுக்கு என்றும் தணியாத ஆசை உண்டு. மன்னர்கள் அவையில் சோதிடரை வைத்துப் பேணியதும் அந்த ஆசையினாலேயே. தூனிஸ் நகரில் 1332ஆம் ஆண்டு பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், 1377இல் எழுதிய தம் ‘முகத்திமா’வில் சோதிடத்தை மறுப்பதற்கென்றே தனி இயல் ஒன்றை ஒதுக்கினார். சமுதாயங்கள் எழுவதற்கும் வீழ்வதற்கும் உரிய காரணங்களை மக்கள் கூடி வாழும் முறையிலும் பிழைக்கும் வழியிலும் தேடியவர் அவர்.

இன்று கோள்களின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வளர்ந்துவிட்டது, இன்னும் சில ஆண்டுகளில் மனிதனுக்குத் தொழிலே மிஞ்சாது என்று ஒரு சாரார் அச்சுறுத்துகின்றனர். உழைப்பே வேண்டாத பொற்காலம் வரப்போகிறது என்று மறுசாரார் ஆசை காட்டுகின்றனர். இவ்விரு கூற்றுகளையும் உரைத்துப் பார்க்கும் கல் நம் அருகிலேயே கிடக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பும் வழியில் ஒரகடம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இப்பகுதியில் 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் ஆலை திறக்கப்பட்டது. ஆயினும் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது கார் அன்று, கைப்பேசியே.

பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனம் 2005இல் தமிழக அரசுடன் உடன்படிக்கை செய்து, 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச காலத்தில் எண்ணாயிரம் பேர் அளவில் அங்கே நேரடியாகப் பணிபுரிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சுற்று வட்டாரச் சிற்றூர்களின் இளம்பெண்கள். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்களுள் பலர். தம்பியின் படிப்பும் தங்கையின் திருமணமும் அந்தச் சம்பளத்தை நம்பித் திட்டமிடப்பட்டன. உலகிலேயே அதிகக் கைப்பேசிகளை விற்ற நிறுவனம் எட்டே ஆண்டில் கதவடைக்கும் என்று அன்று யார் கணித்தார்?

ஆலை இயங்கத் தொடங்கிய மறு ஆண்டே, 2007 ஜனவரியில், அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாப்ஸ் எண்பொத்தான்கள் இல்லாத ஒரு கைப்பேசியை மேடையில் எடுத்துக் காட்டினார். நோக்கியாவின் சரிவு அதிலிருந்து தொடங்கியது எனலாம். 2013இல் இந்திய வருமான வரித்துறையுடன் பெரும் வழக்கு மூண்டது. அதே ஆண்டு தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க நோக்கியா இசைந்தது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது, வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை வெளியே நின்றது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. அடுத்த மாதமே அதற்குப் பொருள் வழங்கித் தொழில் நடத்திவந்த பாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. எந்த இயந்திர மனிதனும் வந்து அப்பெண்களின் இருக்கையைப் பறிக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். தொலைநாட்டு மேடை ஒன்றும், வரிக் கணக்கும், விற்பனைப் பத்திரமும் சேர்ந்து செய்த வேலை அது.

இப்னு கல்தூன் கைத்தொழில்களைப் பற்றி எழுதுமிடத்து ‘மலகா’ என்னும் சொல்லை ஆள்கிறார். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மனிதனுக்குள் ஊன்றிவிடும் திறனே மலகா. ஒரு தொழிலில் அது ஊன்றிவிட்டவர் மற்றொரு தொழிலில் தேர்ச்சி பெறுவது அரிது என்றும் கூறி, தையற்காரரை உதாரணம் காட்டுகிறார். அந்தத் தையற்காரர் பாக்கியசாலி என்றே சொல்வேன். கடை எரிந்தாலும் ஊசியும் நூலும் கொண்டு அடுத்த ஊரில் பிழைத்துக்கொள்வார். சில விநாடிகளில் ஒரே திருகாணியை முடுக்கி அடுத்தவருக்கு நகர்த்திய பெண்ணின் திறனோ, அந்த வரிசையோடு பிணைந்தது. வரிசை நின்றால் திறனும் நின்றுவிடும். எட்டாண்டு உழைத்தும் அவளிடம் எஞ்சியது இழப்பீட்டுத் தொகை மட்டுமே.

கணிப்புகளுக்கு வருவோம். 1930இல் ஆங்கிலேயப் பொருளியலறிஞர் கெயின்ஸ், நூறாண்டு கழிந்தால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேர வேலை போதும் என்று எழுதினார். 1965இல் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், மனிதன் செய்யும் எவ்வேலையையும் இருபதாண்டுக்குள் பொறிகள் செய்துவிடும் என்றார். 2011இல் பாக்ஸ்கான் தலைவர் டெர்ரி கோ, மூன்றாண்டில் பத்து லட்சம் இயந்திர மனிதர்களை நிறுவப் போவதாக அறிவித்தார். மூன்றும் பொய்த்தன, அல்லது பொய்க்கும் நிலையில் உள்ளன. கெயின்ஸ் குறித்த 2030க்கு ஏழாண்டே இருந்தபோது, 2023 ஏப்ரல் 21 அன்று, நம் சட்டமன்றம் ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது! தொழிற்சங்கங்கள் கொதித்தெழவே, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அன்றோடு நூறாண்டு நிறைந்திருந்தது.

அதற்காக, செயற்கை நுண்ணறிவு வெறும் புரளி என்று தள்ளுவதும் பேதைமை. அரபியில் அதனை ‘அத்தகாஉல் இஸ்தினாஈ’ என்பர். கைத்தொழிலைக் குறிக்க இப்னு கல்தூன் ஆண்ட ‘ஸினாஆ’வும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழிலும் ‘செயற்கை’ என்பது ‘செய்’ என்பதிலிருந்தே வருகிறது. அரபுப் பாடம் நடத்துவோருக்கு இத்தகைய ஒற்றுமைகளைக் கடந்து செல்ல மனம் வருவதில்லை.

கார் ஆலைகளில் பற்றவைப்பதும் வண்ணம் பூசுவதும் வெகுகாலமாக இயந்திரக் கைகளே. ஆனால் வளைந்து நெளியும் மின்கம்பிக் கற்றையை உடலுக்குள் செலுத்துவது அவற்றுக்கு இன்றும் கடினம். ஆகவே புதிய அறிவு கையைவிடக் கண்ணையே முதலில் பற்றும் என்பது என் துணிபு. மின்சுற்றுப் பலகைகளைக் கேமரா சோதிப்பது பழைய வழக்கம்தான். முன்பு குறை என்றால் என்ன என்பதை விதியாக எழுதித் தரவேண்டும். இப்போது நல்லவை, பழுதானவை என்று பிரித்த பல்லாயிரம் படங்களைக் காட்டினால் பொறி தானே கற்றுக்கொள்கிறது. அவற்றைப் பிரித்துக் கொடுப்பவர் யார்? ஆண்டுக்கணக்கில் கீறலையும் வெடிப்பையும் பார்த்துப் பழகிய தொழிலாளியே. அவருடைய மலகா அவ்வாறு பொறிக்குள் குடிபெயர்கிறது. அதற்கு அவருக்கு உரிய பங்கு என்ன என்று எந்த ஒப்பந்தம் கூறும்? தன் எழுத்துகளையெல்லாம் பொறிக்கு இரையாகக் கொடுத்துவிட்ட எழுத்தாளனின் கேள்வியும் இதுவேதான்.

அதே ஸ்ரீபெரும்புதூரில், 2019 முதல் ஆப்பிளின் கைப்பேசிகளைப் பாக்ஸ்கான் பொருத்தித் தருகிறது. நோக்கியாவை வீழ்த்திய கைப்பேசி, நோக்கியா மூடிய ஊரிலேயே உருவாகிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற, பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அரசு திறந்தது. டெர்ரி கோவின் அறிவிப்புக்கு எதிராகக் கல்லிலும் சிமெண்டிலும் எழுதப்பட்ட கணிப்பு அது: மனிதக் கைகள் இன்னும் நெடுங்காலம் தேவைப்படும் என்பதே அதன் பொருள்.

அக்கணிப்பு பலிக்கட்டும். ஆனால் அங்கே தங்கும் பெண்கள் சில ஆண்டுகளில் திருமணமாகி ஊர் திரும்புவார்கள். அதற்குள் ஒரு கைப்பேசியை முழுவதும் பிரித்துப் பழுது பார்த்து மீண்டும் பூட்டும் தொழிலை மாலை வேளைகளில் அவர்களுக்கு அவ்விடுதியிலேயே கற்பிக்கலாம். சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் அந்தத் திறனுக்கு நல்ல விலை இருக்கிறது. சொந்த ஊரின் கடைத்தெருவிலும் இருக்கும்.