மாணவியர் எழுதி வைத்த பள்ளிக்கூடம்

நாம் குடியேறி வாழும் இப்பூனா நகரில், கார்வே சாலை வழியே ஒருமுறையேனும் செல்லாத தமிழ்க் குடும்பம் இராது. கார்வே நகரில் வீடு வாங்கியோரும் நம்மவருள் உண்டு. அவ்விடத்தின் பழம்பெயர் ஹிங்கணே என்பதை அறிந்தோர் சிலரே. சாவித்திரிபாய் பூலேயின் பெயரைப் பூனாப் பல்கலைக்கழகமே தாங்கி நிற்கிறது. பெண் கல்விக்கு உழைத்த பெரியோரை இந்நகரம் மறக்கவில்லை. ஆயினும் பள்ளியை நிறுவியவர் வரலாறு ஒன்று. அப்பள்ளியில் பாய் விரித்து அமர்ந்து படித்த பெண்ணின் வரலாறு மற்றொன்று. விடியற்காலையில் எழுந்து அவள் என்ன செய்தாள், யாருடன் உண்டாள், எதற்கு அஞ்சினாள் என்பவற்றை நிறுவியவர் அறிக்கையில் காண்பது அரிது. பூனா செய்த பாக்கியம், இங்கே படித்த பெண்கள் சிலர் தாமே எழுதி வைத்திருக்கிறார்கள். பதினான்கு வயதுச் சிறுமியும் உண்டு, பிள்ளை பெற்ற பின் ஏடு தொட்ட விதவையும் உண்டு. அவர்கள் வாய்மொழி வழியே அந்நாளைய பள்ளிகளை ஒருமுறை சுற்றி வருவோம்.

புதவார் பேட்டையில் பிடே வாடா என்ற வீட்டில் ஜோதிராவ் பூலேயும் அவர் துணைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது 1848-ஆம் ஆண்டு. அப்போது சாவித்திரிபாய்க்கு வயது 17. பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் அவர்மீது சாணியும் சேறும் எறியப்பட்டன என்றும், அதற்காகவே மாற்றுப் புடவை ஒன்றைக் கையில் கொண்டு செல்வார் என்றும் இங்கே வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பாழடைந்து கிடந்த அவ்வீடு, நினைவகம் எழுப்பும் பொருட்டு 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது.

பூலே தம்பதியர் நடத்திய பள்ளியொன்றில் மூன்றாண்டு படித்தவள் முக்தா சால்வே. மாங்கு வகுப்பில் பிறந்தவள். தீண்டத்தகாதார் என்று ஊர் ஒதுக்கி வைத்த வகுப்பு அது. தன் 14-ஆம் வயதில் அவள் எழுதிய மராத்திக் கட்டுரையை, அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய 'ஞானோதய' என்ற பத்திரிகை 1855-இல் இரு பகுதிகளாக வெளியிட்டது. மாங்கு, மஹார் மக்களின் துயரமே அதன் பொருள்.

பள்ளிச் சிறுமி எழுதிய கட்டுரையென்றால் பசுவைப் பற்றியோ மழையைப் பற்றியோ இருக்கும் என்று நாம் எண்ணுவோம். இவள் எடுத்த எடுப்பிலேயே சமயத்தைக் கேள்வி கேட்கிறாள். வேதம் அந்தணர்க்கே உரியது, பிறர் அதனைக் காணவும் கூடாது என்றால், எங்களுக்கு மறைநூல் இல்லை என்றாகிறது. மறைநூல் இல்லாத எங்களுக்குச் சமயம் ஏது? எங்களுக்குரிய சமயம் எது என்று ஆண்டவனே சொல்லட்டும் என்பது அவள் வாதத்தின் சாரம். பின்னர்ப் பேஷ்வா காலக் கொடுமைகளைச் சொல்கிறாள். மாளிகைகளின் அடித்தளத்தில் தன் இனத்தாரை உயிரோடு புதைத்ததைச் சொல்கிறாள். எழுத்தறிந்த மாங்கு ஒருவன் அகப்பட்டால் அரசன் சினந்ததைச் சொல்கிறாள். தன் இனப் பெண்கள் தலைக்கு மேல் கூரையின்றி, மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறுவதைச் சொல்லும் இடம் கல்லையும் கரைக்கும். இதனை எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுத்து எழுத வைத்திருக்க முடியாது. தன் தாயைப் பார்த்து எழுதியதாகவே நமக்குத் தோன்றுகிறது. கட்டுரையின் முடிவில் தன் இனத்தாரை அழைத்து, உங்கள் பிணிக்குக் கல்வியே மருந்து என்கிறாள். பள்ளியின் அன்றாடத்தைப் பற்றி அவள் அதிகம் எழுதவில்லை. ஆனால் எந்த வீட்டிலிருந்து எழுந்து அவள் பள்ளிக்கு வந்தாள் என்பதை இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும்?

உயர்குலத்து வீடுகளில் நிலைமை வேறு. துன்பம் வேறு வகை. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயை ரமாபாய் 1873-இல் மணந்தபோது அவருக்கு வயது 11. கணவரே ஆசிரியரானார், வீடே பள்ளியாயிற்று. ஆனால் அதே வீட்டின் மூத்த பெண்டிர் அவர் புத்தகம் தொடுவதைப் பொறாமல் ஏளனம் செய்ததையும் ஒதுக்கியதையும் 1910-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவரே விரிவாக எழுதினார். மாடியில் கணவருக்கு மாணவி, கீழே மாமியார் நாத்திமாருக்குக் குற்றவாளி! கூட்டுக் குடும்பத்தில் இருந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பின்னர் 1884-இல் பூனாவில் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி ஏற்பட்டது. ஹுஜூர்பாகா என்று இன்றும் வழங்குவது அதுவே. பதினொரு மணி முதல் ஐந்து மணி வரை பெண்ணைப் பள்ளியில் வைத்திருப்பதா, வீட்டு வேலையை யார் செய்வது, மூன்று மணி நேரம் போதாதா என்று திலகரே எதிர்வாதம் செய்தார். சுயராஜ்ஜியத்துக்காகச் சிறை சென்ற அப்பெருமகனார் இவ்விஷயத்தில் காலத்தோடு பின்தங்கியே நின்றார் என்று சொல்வதில் தவறில்லை.

இனிச் சாரதா சதனம். அதனை நிறுவிய பண்டித ரமாபாய் நம் தென்னாட்டை நன்கறிந்தவர். பெற்றோருடன் தலயாத்திரையாகத் திரிந்து, பஞ்சத்தில் அகப்பட்டு, திருப்பதி மலைக்காட்டில் இலைதழை தின்று பசியாறிய நாட்களை எழுதியிருக்கிறார். தந்தையும் தாயும் அப்பஞ்சத்தில் மாண்டனர். வடமொழிப் புலமையால் கல்கத்தாவில் பண்டிதை என்ற பட்டம் பெற்று, இங்கிலாந்தும் அமெரிக்காவும் சென்று கிறிஸ்தவராய்த் திரும்பி, இளம் விதவைகளுக்கென்று 1889 மார்ச் 11-இல் பம்பாயில் சாரதா சதனத்தைத் திறந்தார். மறு ஆண்டே அது பூனாவுக்கு வந்தது.

அங்கே சேர்ந்த முதல் விதவை கோதுபாய். இரத்தினகிரிச் சீமையிலுள்ள தேவ்ருக் அவர் ஊர். எட்டு வயதில் மணமாகி, சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர். தலை மழிக்கப்பட்டு, பிறர் வீட்டு வேலை செய்து, இருபது வயதைக் கடந்தபின் பம்பாயில் படித்துக்கொண்டிருந்த சகோதரரின் முயற்சியால் சதனம் புகுந்தார். இவரே பிற்காலத்தில் ஆனந்திபாய் கார்வே என்ற பெயரில் 'மாஜே புராண்' என்ற தன் வரலாற்றை எழுதினார். 1944-இல் அது வெளிவந்தது. 'என் புராணம்' என்பது பொருள். தலைப்பிலேயே குறும்பு தெரிகிறது.

சதனத்தில் சமையலுக்கு அந்தணப் பெண். சாதி ஆசாரத்தைக் கைக்கொள்ள விரும்புவோர்க்குத் தடையில்லை. தலைவியார் கிறிஸ்தவர், மாணவியர் மடி பார்ப்பவர்! ஒரே கூரையின்கீழ் இது நடந்தது. மழித்த தலையில் முடி வளர்ந்தது. வீட்டில் அபசகுனம் என்று மூலையில் நிறுத்தப்பட்ட பெண்ணை இங்கே பெயர் சொல்லி அழைத்தார்கள். பாடப் புத்தகத்தைவிட இதுவே பெரிய பாடமாக இருந்திருக்கும் என்பது நம் துணிபு.

ஆனால் ஒரு கதவைச் சுற்றிப் புயல் எழுந்தது. ரமாபாய் காலையில் தம் அறையில் பிரார்த்தனை செய்யும்போது கதவை மூடுவதில்லை. சில பெண்கள் உள்ளே சென்று அமரலாயினர். செய்தி ஊரில் பரவிற்று. மதமாற்றம் என்ற கூக்குரல் எழுந்தது. ஆலோசனைக் குழுவிலிருந்து ரானடேயும் பண்டாரகரும் 1893-இல் விலகினர். பெற்றோர் பலர் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டனர். ரமாபாய் கதவைத் திறந்து வைத்தது சரியா தவறா என்று வழக்காடியோர் பலர். திரும்பி இழுத்துச் செல்லப்பட்ட பெண்களைக் கேட்டோர் உண்டா?

அதே 1893 மார்ச்சு மாதத்தில் கோதுபாய், பெர்குஸன் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். கார்வே மனைவியை இழந்தவர். அவருடைய ஊராகிய முருடில் கூட்டம் கூடி இருவரையும் சாதிக்குப் புறம்பாக்கினர். கார்வே அஞ்சவில்லை, 1896-இல் விதவைகளுக்கென்று அநாத பாலிகாசிரமம் தொடங்கினார். 1900-இல் அது ஹிங்கணேயில் கட்டிய குடிசைக்குப் போயிற்று.

அக்காலத்து ஹிங்கணே காடு. பகலெல்லாம் கல்லூரியில் கணிதம் போதித்துவிட்டு, மாலையில் அரிசி பருப்பு மூட்டையைத் தோளிலிட்டு, மழைக்காலத்தில் சேற்றை மிதித்து நடந்து, இரவில் அப்பெண்களுக்குப் பாடம் சொல்லி, மறுநாள் காலை மீண்டும் நகருக்கு நடப்பார் கார்வே. இன்று அவ்வழியில் போக்குவரத்து நெரிசலில் பஸ்ஸிற்குள் நின்று வியர்க்கும்போது இதனை நினைத்துக்கொண்டால் சற்று ஆறுதலாயிருக்கும்.

அவ்வாசிரமத்தோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்டவர் ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் ஆத்தவலே. 1870-இல் பிறந்தவர், 20 வயதில் விதவையானவர், ஒரு மகனுக்குத் தாய். மகன் பள்ளிக்குப் போகும் வயதில் தாயும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். வயது ஏறியபின் மனப்பாடம் நிற்பதில்லை என்பதை இரவுப் பாடசாலை சென்ற பெரியோர் அறிவர். ஆயினும் கற்றார், ஆசிரமத்தின் மேற்பார்வையாளரானார், ஊர் ஊராகச் சென்று மேடையேறிப் பேசி நிதி திரட்டினார். அத்தனை காலமும் மழித்த தலையுடனேயே சென்றார். 1912-இல்தான் மழிப்பதை நிறுத்தினார். அந்தத் தலைதான் வைதிக வீடுகளின் கதவை அவருக்குத் திறந்திருக்கும் என்று எண்ணுகிறோம். 1918-இல், 48 வயதில், அமெரிக்கா சென்று, வீட்டு வேலை செய்து பிழைத்துக்கொண்டே ஆங்கிலம் பயின்றார். அவருடைய 'மாஜீ கஹாணீ' 1928-இல் வெளிவந்தது. இந்நூல்களுள் நமக்கு மிகவும் உகந்தது அதுவே. அழுகையும் இல்லை, அலங்காரமும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சதனமும் ஆசிரமமும் தொடக்கத்தில் உயர்குல விதவைகளுக்கே இருந்தன. முக்தா சால்வே கட்டுரை எழுதி நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவள் பேத்தி வயதுப் பெண்ணொருத்தி ஹிங்கணேக் குடிசையில் இலை போட்டு அமர்ந்திருக்க முடியாது. சென்னையிலும் இப்படியே. 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, பதினொரு வயதில் விதவையானவர், எழும்பூரிலும் பின்னர்க் கடற்கரை ஐஸ் ஹவுஸ் மாளிகையிலும் வைத்துப் படிப்பித்தது பெரும்பாலும் பிராமண இளம் விதவைகளையே. ஊர் வாய்க்கு அஞ்சி எடுத்த முதலடி என்று அதற்குச் சமாதானம் சொல்வார்கள். வெளியே நின்ற பெண்ணுக்கு அச்சமாதானம் பயன்படாது.

பண்டித ரமாபாய் மட்டும் அவ்வேலியைப் பஞ்சகாலத்தில் தாண்டினார். 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்திலிருந்து பட்டினிப் பெண்களை அழைத்து வந்து, கேட்காவ் என்னுமிடத்தில் முக்தி இல்லம் அமைத்தார். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கிருந்தோர் தொகை இரண்டாயிரத்தை நெருங்கிற்று. நெசவு, அச்சுக்கூடம், வயல், கிணறு எல்லாம் பெண்கள் கையில். நாம் சென்னை செல்லும் மெயில் வண்டி பூனாவுக்கும் தவுண்டுக்கும் இடையே கேட்காவ் நிலையத்தை நிற்காமல் கடந்து செல்கிறது. அடுத்த பயணத்தில் குழந்தைகளுக்கு அப்பெயர்ப் பலகையைக் காட்டலாம். சற்று முன்னரே ஜன்னலோரம் அமர்த்தினாலன்றிப் படிக்க முடியாது.

நம் காலனிப் பிள்ளைகள் பள்ளியில் மராத்தி படிக்கிறார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கிறார்கள் என்பது நம் வீட்டுத் தாய்மாரின் குறை. 'மாஜே புராண்', 'மாஜீ கஹாணீ' இரண்டையும் கோடை விடுமுறையில் அவர்கள் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு இரண்டு பக்கம் பாட்டிமாருக்குத் தமிழில் படித்துச் சொல்லச் செய்யலாம். எந்த இடத்தில் பாட்டி, நிறுத்து, எங்கள் அத்தை வீட்டிலும் இப்படித்தான் என்று பேச்செடுக்கிறார் என்பதைப் பிள்ளைகள் தனி ஏட்டில் குறித்துக்கொண்டால், அடுத்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கிடைக்கும்.