பழி பசுவின் மேல்!

1871, அக்டோபர் 8. ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் சிகாகோ நகரம் தீப்பிடித்துக்கொண்டது. காரணம்? ஓலியரி என்கிற அம்மாள் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாராம். பசு விட்ட உதையில் லாந்தர் விளக்கு உருண்டதாம். அவ்வளவுதான், ஊரே சாம்பல்!

சுவாரஸ்யமான கதை. ஆனால், கட்டுக்கதை. தீ அந்தக் கொட்டகையில் ஆரம்பித்தது நிஜம். எப்படி ஆரம்பித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஓலியரி அம்மாள், பாவம், சாகிறவரை ஊர் வாயில் விழுந்து எழ முடியாமல் தவித்தார். சிகாகோ நகர மன்றம் அவரையும் பசுவையும் 'நிரபராதிகள்' என்று அறிவித்தபோது வருடம் 1997!

அப்படியானால் நிஜக் குற்றவாளி யார்? வானம்தான்.

அந்த வருடம் ஜூலைக்குப் பிறகு அந்தப் பக்கம் மழை பெய்ததாகவே சொல்ல முடியாது. இலையுதிர் காலம் வந்தும் வெயில் இறங்கவில்லை. கிணறுகள் வற்றின. சதுப்பு நிலங்கள்கூடக் காய்ந்து வெடித்தன. சிகாகோவிலோ வீடு, கடை, நடைபாதை எல்லாமே மரம். முந்தின நாள் சனிக்கிழமை ஒரு பெரிய தீயோடு மல்லுக்கட்டிய தீயணைப்பு வீரர்கள் களைத்துக் கிடந்தார்கள். போதாக்குறைக்கு, காவல் கோபுரத்திலிருந்தவர் தீ எரிந்த இடத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார். தென்மேற்கிலிருந்து பலமான காற்று வேறு. சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்து தெருவுக்கு வந்தார்கள்.

இதெல்லாம் உலகத்துக்குத் தெரியும். தெரியாத கதை இனிமேல்தான்.

அதே இரவு, வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில், பெஷ்டிகோ என்ற மரம் அறுக்கும் ஊர். சுற்றிலும் பைன் காடு. தெருவெல்லாம் மரத்தூள். ரயில் பாதை போட்டவர்களும், நிலம் திருத்திய விவசாயிகளும் வெட்டிய மரங்களை அங்கங்கே கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அது வழக்கம்தான். மழை வந்து அணைத்துவிடும். அந்த வருடம் மழை வரவில்லை. சின்னச் சின்னத் தீயெல்லாம் வாரக்கணக்கில் புகைந்தபடியே இருந்தன. ஞாயிறு இரவு அடித்த காற்று அவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

ஒரு மணி நேரத்துக்குள் ஊர் இல்லை! ஓடியவர்கள் ஆற்றில் குதித்தார்கள். பீட்டர் பெர்னின் என்ற பாதிரியார் பல மணி நேரம் தண்ணீரில் நின்று உயிர் பிழைத்தார். பிறகு அதைப் புத்தகமாகவே எழுதினார். தீயிலிருந்து தப்பி, ஆற்றுக் குளிரில் விறைத்து இறந்தவர்களும் உண்டு. பெஷ்டிகோவிலும் சுற்றுவட்டாரத்திலும் செத்தவர்கள் குறைந்தது 1,200 பேர். 2,500 வரை இருக்கலாம் என்பவர்களும் உண்டு. அடையாளம் சொல்லக்கூட ஆள் மிஞ்சாததால், சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள்.

தந்திக் கம்பிகள் எரிந்துபோனதால் செய்தி மெதுவாகத்தான் வெளியே வந்தது. அதற்குள் மாநில ஆளுநரே சிகாகோவுக்கு உதவக் கிளம்பிப் போய்விட்டார்! வீட்டிலிருந்த அவர் மனைவி பிரான்சிஸ் ஃபேர்சைல்ட்தான், சிகாகோவுக்கு நிவாரணப் பொருட்களோடு நின்ற ரயிலை பெஷ்டிகோ பக்கம் திருப்பிவிட்டார்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பெஷ்டிகோவின் மர ஆலைக்குச் சொந்தக்காரர் வில்லியம் ஆக்டன். சிகாகோவின் முதல் மேயர்! ஒரே இரவில் இரண்டு ஊரிலும் அவர் சொத்து எரிந்தது. வடக்கே காட்டை வெட்டித்தான் தெற்கே நகரம் கட்டினார்கள். வெட்டிய இடத்தில் மிஞ்சிய சருகும் எரிந்தது, கட்டிய மர வீடும் எரிந்தது.

அமெரிக்காவில் இன்றும் அக்டோபர் 9-ஐ ஒட்டித் தீத்தடுப்பு வாரம் கொண்டாடுகிறார்கள். அது சிகாகோவின் நினைவாக. நான்கு மடங்குக்கு மேல் ஆட்களைப் பறிகொடுத்த பெஷ்டிகோவின் நினைவாக அல்ல.

பெஷ்டிகோவுக்கு ஒரு பசுமாடு கிடைக்கவில்லை. அதனால் கதையும் இல்லை!