மூப்பரும் முனிவரும்

1658ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. 1619இல் தமிழரசு வீழ்ந்ததிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் போர்த்துக்கேயர் இங்கு ஆண்டனர். அக்காலத்தில் கோயிற்பற்றுத் தோறும் ஆலயம் எழுந்தது. ஆலயந்தோறும் பூசை நடந்தது. ஆட்சி மாறியதும் குருமார் நாடு கடத்தப்பட்டனர். ஆலயங்கள் ஒல்லாந்தரின் பிரசங்கக் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. அவ்வாண்டு புரட்டாதி மாதத்தில் வெளியான பிரசித்தம், கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்று அறிவித்தது.

அன்று தொடங்கி 1687 வரை, இருபத்தொன்பது ஆண்டுகள், யாழ்ப்பாணத்து மக்களுக்குக் குரு இல்லை. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, அவஸ்தைப்பூசுதலில்லை. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமுடித்துப் பிள்ளையும் பெற்றுவிடக்கூடிய காலம் அது. யூபிலி கொண்டாடும் நாம், நமது ஆலயத்தைக் கட்டிய குருமாரின் பெயர்களைச் சலவைக்கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். அது தகும். ஆனால் குருவே இல்லாத அந்த இருபத்தொன்பது ஆண்டுகளை யார் தாங்கினார்கள் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் அதையே கேட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நமது முன்னோர் அனைவரும் வேதசாட்சிகளாக நின்றார்கள் என்று மேடைகளில் பேசுவது வழக்கம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானமும் விவாகமும் பள்ளிக்கூடத் தோம்பில் பதியப்படவேண்டும். பதிவில்லாவிட்டால் பிள்ளைக்குச் சொத்துரிமை சந்தேகமாகும், உத்தியோகமோ கிட்டாது. பள்ளிக்கு வராதவர் குற்றப்பணம் கட்டவேண்டும். ஆகையால் மிகப் பலர் வெளியில் ஒல்லாந்த சமயத்தாராகத் தோம்பில் பெயர் கொடுத்து, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். வேறு பலர் சைவ நெறிக்கே திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. முந்திய ஆட்சியில் ஞானஸ்நானம் பெற்றவர்களுள் எத்தனை பேர் மனமொப்பிப் பெற்றார்கள், எத்தனை பேர் அதிகாரியின் முகம் பார்த்துப் பெற்றார்கள் என்பது நமக்குத் தெரியாதா? அதிகாரத்தின் நிழலில் வளர்ந்த விசுவாசம் அதிகாரம் மாறியதும் வாடியது. வாடாமல் நின்றது எதுவோ, அதுவே நமது ஆராய்ச்சிக்கு உரியது.

அது எங்கே நின்றது? முற்றத்திலும் திண்ணையிலும் காட்டிலும் நின்றது. மாந்தையிலிருந்த மாதாவின் சொரூபத்தை 1670இல் சுமார் இருபது குடும்பத்தார் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடி, மருதமடுவில் வைத்து வணங்கினார்கள் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டு வரும் வரலாறு. அந்த இருபது குடும்பத்துள் ஒரு குருவும் இல்லை. அச்சொரூபத்தை எடு என்று அவர்களுக்குக் கட்டளையிட்டவரும் இல்லை. (அதே சொரூபம் 2008 சித்திரையில், செல் விழுந்த நாட்களில், மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டதை நம்மில் அநேகர் நேரிலேயே அறிவோம். அதே ஆண்டு ஆவணிக்குள் அது திரும்பி வந்தது. முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றும் ஓட்டம் ஓயவில்லையே என்று அப்போது நாம் நினைத்ததுண்டு.)

இந்நிலையில்தான் 1687இல் ஒரு பிச்சைக்காரர் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்.

அவர் கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் முனிவர். கோவை என்பது இங்கே கொங்குநாட்டுக் கோவையன்று, போர்த்துக்கேயரின் கோவா. 1651 சித்திரை 21ஆம் நாள் பெனவுலிம் என்னும் ஊரில் பிறந்தவர். 1676இல் குருப்பட்டம் பெற்றவர். இலங்கையில் குருவில்லாமல் ஆன்மாக்கள் தவிக்கின்றன என்று கேள்வியுற்று, அங்கே போக அனுமதி கேட்டார். மேலிடத்தார் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயோ போர்த்துக்கேய ஞானாதிகாரத்துக்கும் உரோமாபுரியின் வேதபோதக சபைக்கும் இடையே யார் பெரியவர் என்ற வழக்கு. இரு பக்கத்துக் குருமாரும் மக்களைப் பிரித்து நிறுத்தியிருந்த அவ்விடத்தில் 1681 முதல் 1684 வரை பொறுமையோடு பணியாற்றினார். திரும்பி வந்து, கோவாவில் சுதேசக் குருமார் சிலர் தொடங்கியிருந்த ஓரத்தோரியன் சபையில் சேர்ந்து அதன் தலைவரானார். தலைவரான சிறிது காலத்துக்குள் அப்பதவியைத் துறந்து இலங்கைக்குப் புறப்பட்டார். பதவிக்காக ஏங்குவோரைக் கண்டிருக்கிறோம். பதவி கிடைத்தபின் அதை இறக்கிவைத்துவிட்டு நடந்தே புறப்பட்டவரைக் காண்பது அரிது.

யோவான் என்னும் பணியாளனுடன் கால்நடையாகத் தென்திசை வந்து, தூத்துக்குடியில் தங்கித் தமிழ் பயின்றார். தூத்துக்குடியும் அப்போது ஒல்லாந்தர் கையில். அங்கிருந்து கூலியாள் வேடத்தில் தோணியேறினார். ஐரோப்பியக் குரு ஒருவர் இப்படி நுழைந்திருக்க முடியாது. தோல் நிறமே காட்டிக்கொடுத்திருக்கும். ஐரோப்பியச் சபைகள் சுதேசிகளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. எந்த நிறத்துக்காக ஒதுக்கினார்களோ, அந்த நிறமே இலங்கைத் திருச்சபைக்குக் கதவைத் திறந்தது. கடவுளின் வழிகள் அப்படி.

யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது வழிப்பயணத்தின் பட்டினியால் உடல் நொந்து வயிற்றளைச்சல் கண்டு, சாகும் நிலையில் தெருவோரம் கிடந்தார். ஏழைப் பெண் ஒருத்தி கொடுத்த கஞ்சி அவரைப் பிழைக்க வைத்தது என்பது வரலாறு. தேறி எழுந்ததும் அவர் செய்ததை நாம் சிறிது நின்று நோக்க வேண்டும். கத்தோலிக்கர் யார் என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் தமக்கு ஆபத்து. பதில் சொன்னவருக்கு அதைவிட ஆபத்து. ஆகவே கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். கதவைத் திறந்தவர் செபமாலையைக் கண்டு முகம் சுளித்தால், கைப்பிடி அரிசியை வாங்கிக்கொண்டு நடந்தார். எந்த வீட்டிலே அதைக் கண்டதும் கண் நிலைத்து நின்றதோ, அந்த வீட்டுக்கு மறுபடியும் போனார். அவ்வீட்டாரும் அவரை உடனே நம்பிவிடவில்லை. பல நாள் சோதித்தே நம்பினார்கள். ஒற்றனாக இருக்கலாம் அல்லவா?

இவ்வாறு மேய்ப்பரும் மந்தையும் ஒருவரையொருவர் சோதித்துக் கண்டுகொண்டார்கள். பண்டத்தரிப்புக்கு அயலிலுள்ள சில்லாலை ஊரார் அவரைத் தம்மிடம் அழைத்து ஒளித்து வைத்தார்கள். பகலில் மறைந்திருந்து, இரவில் புறப்பட்டுப் பூசை வைத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் திரும்புவார். ஒல்லாந்தர் தேடி வந்தபோது ஊர் முழுவதற்கும் தெரிந்த இரகசியம் ஒருவர் வாயிலிருந்தும் வெளிவரவில்லை. ஓர் ஊர் முழுவதும் வாய் திறவாமல் இருப்பது எளிதா? நமது பங்குச் சபைக் கூட்டத்தில் பேசியது மறுநாள் காலை சந்தையில் கேட்கிறது. சில்லாலையார் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்தார்கள்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் அந்தக் காவல் உடைந்தது. பாலன் பிறப்புக்காகக் கூடியிருந்த வீடுகளில் சேவகர் புகுந்தனர். ஆணும் பெண்ணுமாய்ப் பலர் பிடிபட்டனர். குரு அகப்படவில்லை. அவர் எங்கே என்று கேட்டார்கள், யாரும் சொல்லவில்லை. தலைமைக்காரர் எண்மரைப் பிரித்தெடுத்துக் கசையால் அடித்தனர். அவர்களுள் ஒருவர் அடியினாலேயே உயிர்விட்டார். ஏனையோர் விலங்கிடப்பட்டுக் கடின வேலைக்கு அனுப்பப்பட்டனர். அந்த எண்மரும் குருமாரல்லர், குடும்பஸ்தர். மனைவி மக்கள் உண்டு, காணி பூமி உண்டு. ஒரு சொல் சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். யூபிலி வரும்போது நாம் பதக்கமும் பொன்னாடையும் கொடுத்துக் கௌரவிக்கிற தலைமைத்துவத்தை இந்த எண்மருக்கு அருகில் நிறுத்திப் பார்க்க நமக்கே கூச்சமாயிருக்கிறது.

அதன்பின் முனிவர் யாழ்ப்பாணத்தை விட்டுக் கண்டியரசனின் நாட்டுக்குள் போனார். 1690இல் புத்தளம்; 1692இல் கண்டி. அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று ஒரு பிரெஞ்சுக்காரர் அரசனிடம் கோள் சொன்னதால் சிறைவாசம். சிறையிலேயே சிங்களம் கற்றார். சிறை முற்றத்திலேயே ஓலைக் கொட்டிலில் பூசை வைத்தார். இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த அரசன்; எனினும் நல்லவன். நாளடைவில் இவருடைய ஒழுக்கத்தைக் கண்டு தடையை நீக்கினான். 1696இல் மழையின்றி நாடு வாடியபோது இவர் செபித்து மழை பெய்த அற்புதத்தைப் பிரசங்கங்களில் விரிவாகச் சொல்வார்கள். இங்கே நாம் விரிக்கவில்லை. அடுத்த ஆண்டு நடந்ததே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசன் நகரை விட்டு நீங்கினான், பிரபுக்களும் நீங்கினர். பெற்றோர் பிள்ளையை விட்டும், பிள்ளை பெற்றோரை விட்டும் ஓடினர். காட்டோரத்தில் கிடத்தப்பட்ட நோயாளரை முனிவரும் அவருடைய உறவினரான கார்வால்யோ சுவாமியும் தேடித் தேடிப் போனார்கள். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை நோயாளர் மடமாக்கினார்கள். புண் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தவரைத் தாமே சுமந்து புதைத்தார்கள். நீ எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத் தெருவோரத்தில் தமக்குக் கிடைத்த கஞ்சி அவருக்கு நினைவிருந்திருக்கும் என்றே எண்ணுகிறோம். திரும்பி வந்த அரசனுக்கு அவரைப் பற்றி வேறொருவர் சாட்சி சொல்லத் தேவையில்லாமற்போயிற்று.

இவ்வளவும் அவருடைய புனிதம். அவருடைய மதிநுட்பம் வேறோரிடத்தில் விளங்குகிறது. தாம் ஒருவர், பின்னர் கோவாவிலிருந்து சகோதரக் குருமார் சிலர் வந்து சேர்ந்தபோதும், விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. தீவோ பெரியது, வழியெல்லாம் காடு. ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை குரு வருவதே பாக்கியம். மீதி நாட்களுக்கு என்ன செய்வது? ஏற்கெனவே ஊர்களில் வழக்கத்திலிருந்த முறையை எடுத்து ஒழுங்குபடுத்தினார். ஊருக்கு ஒரு மூப்பர்: மக்களைக் கூட்டுவது, பிணக்குத் தீர்ப்பது, குரு வருகைக்கு ஆயத்தம் செய்வது, யார் பிறந்தார், யார் இறந்தார் என்று கணக்கு வைத்திருப்பது அவர் பொறுப்பு. ஓர் அண்ணாவியார்: செபமும் ஞானோபதேசமும் படிப்பிப்பார், ஞாயிறு தோறும் செபம் நடத்துவார், அவசரத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், மரிப்பவர் அருகில் இருந்து உத்தம மனஸ்தாபம் சொல்லிக்கொடுப்பார். ஆலயச் சாமான்களைக் காக்கச் சங்கிலித்தாம். அண்ணாவியார் என்றால் இன்று நமக்குக் கூத்துப் பழக்குபவரே நினைவுக்கு வருகிறார். ஒருகாலத்தில் ஊரின் விசுவாசமே அவர் தொண்டையில் இருந்தது.

எப்படிப்பட்டவரை மூப்பராக்கினார்கள்? எழுத்தறிவையும் செல்வத்தையும் பாராமல் இருந்திருக்க மாட்டார்கள், மனிதர் மனிதரே. ஆனாலும் ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்ட ஊர்களில் மூப்பராவது என்றால் பிடிபடும் வரிசையில் முதலில் நிற்பது என்று பொருள். இலாபமில்லாத பதவிக்குப் போட்டியிருப்பதில்லை. அச்சம் நீங்கிய பிற்காலத்தில்தான் மூப்பர் பதவிக்கு வழக்கும், திருநாள் உபயத்துக்குச் சண்டையும், திருச்சொரூபப் பவனியில் எந்தப் பகுதியார் எந்தப் பக்கம் தோள் கொடுப்பது என்ற பிணக்கும், சாதியின் பேரால் ஆலயக் கதவு சாத்தப்படுவதும் நம்மிடையே தலைகாட்டின. இவற்றை யூபிலி மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நமது பங்குச் சபைத் தெரிவு எட்டும் நேரத்தில் எழுதாவிட்டால் வேறெப்போது எழுதுவது?

கொச்சி ஆயர் முனிவரை இலங்கைக்குக் குருமுதல்வராக நியமித்தார். ஆயர் பட்டம் பற்றிய பேச்சும் எழுந்தது, அவர் இணங்கவில்லை. வெறுங்காலுடன் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தவுமில்லை. 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளுக்கு எழுத்துத் திறமை உண்டு என்று கண்டு, அவரைத் தமிழிலும் சிங்களத்திலும் நூல் செய்யத் தூண்டினார். தபசுகாலத்தில் நமது ஆலயங்களில் வாசிக்கப்பட்டு வந்த வியாகுலப் பிரசங்கம் அச்சுவாமிகளின் கையால் ஆனதே. குருவில்லாத ஊரில் அண்ணாவியார் கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும் என்பது அவர்கள் கண்ட வழி.

முனிவர் 1711 தை 16ஆம் நாள் கண்டியில் உயிர் துறந்தார். வயது அறுபதுகூட ஆகவில்லை. அவர் மறைவின்போது தீவில் சுமார் 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் என்பர். ஒல்லாந்தர் ஆட்சி அதன்பின்னும் 1796 வரை நீடித்தது. கத்தோலிக்கருக்கு விரோதமான சட்டங்கள் ஆங்கிலேயரால் 1806இல் நீக்கப்பட்டன. அந்த நெடுங்காலமெல்லாம் கோவாவிலிருந்து வந்த சில குருமாரும் ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவிமாருமே திருச்சபையாக இருந்தார்கள்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995 தை 21இல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அங்கே நிரம்பியிருந்தார்கள். அவர்களுள் பலர், இடம்பெயர்ந்து மரநிழலில் இருந்த காலத்தில், குரு வர வழியில்லாத மாலைகளில் தாமே முன்னின்று செபமாலை நடத்தியவர்கள்.

முனிவரின் உடல் கண்டியில் அவர் கட்டிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாலயம் பின்னர் அழிந்தது. கல்லறை இருந்த இடத்தை இன்று காட்டுவார் இல்லை. நத்தார் இரவில் பிடிபட்ட எண்மருடைய கல்லறைகளும் அப்படியே. சில்லாலையில் அவரை ஒளித்து வைத்த வீட்டாரின் சந்ததியார் எவரென்று கேட்டால், ஊரில் பல குடும்பத்தார் தாங்களே என்கிறார்கள். எல்லோரும் சொல்வது மெய்யாகவே இருக்கலாம்.