இரும்பினுட் புகும் வாயு



இரும்பு எதனாற் கெடுகின்றது என்று கேட்டால், துருவினால் என்று சிறு பிள்ளையும் விடை கூறும். துரு கண்ணுக்குத் தெரியும். தொட்டால் விரலில் ஒட்டும். ஆனால், ஒரு சிறிதும் துருப்பிடியாது வெளியே மாசற்று விளங்கும் உருக்கு, ஒருநாள் கண்ணாடிபோல முறிந்து விடுவதும் உண்டு. அவ்வாறு முறியச் செய்யும் பொருள்களுள் ஒன்று ஐதரசன் வாயு. மூலகங்கள் யாவற்றிலும் இலேசானது அது. இத்துணை மெல்லிய பொருள் இத்துணை வலிய பொருளை எவ்வாறு வீழ்த்துகின்றது என்பதையும், மனிதர் அதனை எவ்வாறு கண்டறிந்தனர் என்பதையும் இன்று கூற எண்ணுகிறேன்.

கதை இங்கிலாந்திலே, மான்செஸ்டர் நகரிலே தொடங்குகின்றது. இரும்புக் கம்பியை அச்சுத் துளையினூடே இழுத்து மெல்லியதாக்குவோர், அதன் மேற்படிந்த செதிளை நீக்குவதற்காக முதலில் அமிலத் தொட்டியில் இடுவது வழக்கம். அந்நகரைச் சேர்ந்த வில்லியம் யோன்சன் என்பார் 1875ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தாருக்கு ஒரு கட்டுரை அளித்தார். அமிலத்தில் இடுமுன் பலமுறை மடக்கி நிமிர்த்தக்கூடிய கம்பி, ஐதரோக்குளோரிக்கமிலத்திலோ சல்பூரிக்கமிலத்திலோ சில நிமிடம் கிடந்தபின், ஒரே மடக்கில் முறிந்து விட்டது. முறிந்த முகத்தை நீரால் நனைத்தால், நீர் கொதிப்பதுபோலக் குமிழிகள் எழுந்தன. இரும்போடு சேர்ந்து ஐதரசனை வெளிவிடும் அமிலங்களே இத்தீங்கைச் செய்தன. அதிலும் வியப்பு யாதெனில், அக்கம்பியைச் சில நாட்கள் சும்மா விட்டு வைத்தால், அது தன் பழைய உறுதியைத் தானே மீண்டும் பெற்றது. சூடான இடத்தில் வைத்தாலோ இன்னும் விரைவிற் பெற்றது.

உள்ளே புகுந்த வாயு, வழி கிடைத்தால் வெளியேறி விடுகின்றது. வெளியேறினால் இரும்பு பிழைத்துக் கொள்கின்றது. யோன்சன் கண்ட இவ்வுண்மையை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ளவேண்டும். இக்கதையில் அது மீண்டும் மீண்டும் வரும்.

இனி ஜேர்மனிக்குச் செல்வோம். காற்றிலுள்ள நைதரசனையும் ஐதரசனையும் சேர்த்து அமோனியா ஆக்கும் வித்தையை 1909ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் நாள், காள்ஸ்ரூ நகரிலே பிரிற்ஸ் ஹாபர் என்னும் இரசாயனப் பேராசிரியர் செய்து காட்டினார். நம் வயல்களுக்கு இடுகின்ற யூரியாப் பசளைக்கு மூலப்பொருள் இந்த அமோனியாவேயாகும். மேசைமேல் வைக்கத்தக்க கருவியொன்றிலே துளித்துளியாகச் சொட்டிய அதனைத் தொன் கணக்கிற் பெருக்கும் பொறுப்பு, லூட்விக்சாபன் நகரிலிருந்த பாடிசு அனிலின் தொழிற்சாலையைச் சேர்ந்த காள் பொஷ் என்பவர் தலையில் வீழ்ந்தது. வளிமண்டல அமுக்கத்தைப்போல ஏறக்குறைய 200 மடங்கு அமுக்கமும், 500 பாகை செல்சியசு அளவான வெப்பமும் ஒருங்கே தாங்கும் பாத்திரம் அதற்கு வேண்டும். அத்தகைய பாத்திரத்தைத் தொழிற்சாலை அளவில் அதற்குமுன் ஒருவரும் ஆக்கியதில்லை. பொஷ் இரசாயனத்தில் பட்டம் பெற்றவரெனினும், உலோகத் தொழிலும் பொறியியலும் முன்பே பயின்றவர். அக்கல்வி இல்லாத ஒருவரிடம் இவ்வேலை சென்றிருந்தால் என்னவாகியிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

தடித்த உருக்குக் குழாய்கள் வரவழைக்கப்பட்டன. வெடித்தால் ஆட்களுக்குத் தீங்கு நேராதவாறு, அவற்றைக் கொங்கிறீற்றுச் சுவர்களுக்குள் வைத்து இயக்கினர். ஏறக்குறைய 80 மணித்தியாலம் கழிந்ததும் குழாய்கள் வெடித்தன. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் பொஷ் இதனை நினைவுகூர்ந்தார். ஹாபர் ஊக்கியாகக் கையாண்ட ஒசுமியம் மிக அரிதான உலோகம். உலகில் அப்போது கிடைத்த ஒசுமியம் முழுவதையும் கம்பனியார் வாங்கி வைத்திருந்தனர். நல்வேளையாக, அதற்குள் மிற்றாஷ் என்னும் அறிஞர் இரும்பினாலாகிய மலிவான ஊக்கியொன்றைக் கண்டுபிடித்திருந்தார். இல்லையேல் உலகத்து ஒசுமியம் முழுவதும் அவ்வெடிப்பிலே போயிருக்கும்.

வெடித்த குழாயை அறுத்துப் பார்த்தபோது, உட்புறத்தில் ஒரு புதுமை காணப்பட்டது. உருக்குக்கு உறுதியளிப்பது அதிலுள்ள காபன். குழாயின் உட்பகுதியில் அந்தக் காபனைக் காணவில்லை. காபன் போய்விட்டால் எஞ்சுவது மென்மையான இரும்பாதல் வேண்டும். ஆனால் எஞ்சியதோ வெடிப்புகள் நிறைந்த நொறுங்கற் பொருளாயிருந்தது. இதன் காரணம் இன்று தெளிவாகத் தெரியும். உயர்ந்த வெப்பநிலையில் ஐதரசன் தனி அணுக்களாகப் பிரிந்து உருக்கினுள் ஊடுருவி, அங்குள்ள காபனோடு சேர்ந்து மெதேன் வாயுவாகின்றது. ஐதரசன் அணு நுழைந்த நுண்ணிய வழியாலே மெதேன் மூலக்கூறு திரும்பி வரமாட்டாது; அது பருத்தது. உலோக மணிகளின் இடுக்குகளிலே சிறைப்பட்டு, மேலும் மேலும் திரண்டு, அமுக்கம் மிகுந்து, உள்ளிருந்தே உருக்கைப் பிளக்கின்றது. யோன்சனின் கம்பி ஓய்வு கொடுத்தால் மீண்டது, இக்குழாயோ மீளாது. முன்னையதை ஒரு மயக்கம் என்றால், இதனை மரணம் என்னலாம்.

எந்த உருக்கை இட்டாலும் இதே கதிதான். அப்போதுதான் பொஷ் வேறு வழியில் எண்ணினார். ஒரே சுவர் வாயுவையும் அடக்கவேண்டும், அமுக்கத்தையும் தாங்கவேண்டும் என்பதனாலன்றோ இத்துன்பம்? இரு தொழிலையும் இரு சுவருக்குப் பகிர்ந்து விட்டாலென்ன? உள்ளே காபன் மிகக் குறைந்த மெல்லிரும்பினாலான மெல்லிய குழாயொன்று. அதில் ஐதரசன் பறிப்பதற்குக் காபன் இல்லை. அதனைத் தழுவி வெளியே வலிய உருக்குச் சுவர். அமுக்கத்தைத் தாங்குவது அது. உட்குழாயைக் கடந்து கசியும் சிறிதளவு ஐதரசன் வெளிச்சுவரைத் தாக்குமே என்ற ஐயத்திற்கும் அவர் விடை வைத்திருந்தார். வெளிச்சுவரிலே சிறு சிறு துளைகளை இடச் செய்தார். கசிந்த வாயு அமுக்கமின்றி அத்துளைகளால் வெளியேறிவிட்டது. 200 மடங்கு அமுக்கத்தைத் தாங்கவேண்டிய சுவரில் ஒருவர் வேண்டுமென்றே துளையிடுவதைக் கண்டோர் திகைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. 1911ஆம் ஆண்டில் இம்முறை வெற்றி பெற்றது. 1913 செத்தெம்பரில் ஒப்பாவு ஆலை அமோனியா வார்க்கத் தொடங்கிற்று.

அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையினால் சிலி நாட்டு வெடியுப்பு ஜேர்மனிக்கு வராது போகவே, பயிருக்கென எழுந்த ஆலையின் அமோனியா வெடிமருந்துக்கும் பயன்பட்டது. துளையிட்ட அக்குழாய்கள் இல்லையேல் அப்போர் முன்னரே முடிந்திருக்கும் என்பாரும் உளர். பொஷ் 1931இல் பேர்கியூசுடன் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

பின்னர்க் குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்குகள் வந்தன. இவ்வுலோகங்கள் காபனை இறுகப் பற்றிக் கொள்வதால் ஐதரசன் அதனை எளிதிற் பறிக்க இயலாது. முலாம் பூசும் தொழிலிலோ யோன்சனின் பழைய பாடமே கைகொடுத்தது. துருவைத் தடுக்கவென்று வலிய உருக்காணிகளுக்கு நாகமோ கட்மியமோ மின்னால் முலாம் பூசும்போதே ஐதரசன் உட்புகுந்து விடுகின்றது. ஆதலால் பூசியவுடன் அவற்றை ஏறக்குறைய 200 பாகை வெப்பத்தில் பல மணித்தியாலம் வைத்து, வாயுவை வெளியேற்றுவர். அரிக்கும் நீராலும் ஐதரசன் புகுவதுண்டு. சான்பிரான்சிஸ்கோ ஒக்லாந்துப் புதிய பாலத்திலே, நீர் தேங்கிய குழிகளில் ஐந்தாண்டு நின்ற தடித்த உருக்குத் தண்டுகளை 2013 மார்ச்சில் இறுக்கியபோது, 96இல் 32 தண்டுகள் சில நாட்களுள் முறிந்தன.

வெப்பத்தில் நேரும் தாக்குதலுக்கோ வேறொரு காவல் தேடப்பட்டது. எந்த உருக்கு, எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு ஐதரசன் அமுக்கத்தில் பாதுகாப்பானது என்பதை, ஆலைகளின் அனுபவத்தைத் திரட்டி நெல்சன் என்ற பொறியியலாளர் 1949இல் வளைகோடுகளாக வரைந்தார். கோட்டின் கீழ் இயங்கும் பாத்திரத்திற்கு அச்சமில்லை என்று பல்லாண்டு காலம் நம்பினர்.

2010ஆம் ஆண்டு ஏப்பிரில் 2ஆம் நாள், நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து அனகோர்ட்டஸ் நகரிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், சாதாரண காபன் உருக்காலான ஏறக்குறைய 40 ஆண்டு பழமையான வெப்பமாற்றியொன்று பிளந்து தீப்பற்றியது. துப்புரவு செய்தபின் அவ்வெப்பமாற்றித் தொகுதியை மீண்டும் இயக்கும்போதெல்லாம் கசிவு ஏற்படுவது வழக்கமாகிவிட்டபடியால், உதவிக்கென்று மேலதிகமாகத் தொழிலாளர் அருகே நின்றனர். எழுவர் மாண்டனர். விசாரித்த இரசாயனப் பாதுகாப்புச் சபையார், உருக்கினுள் ஐதரசன் செய்த பிளவுகளைக் கண்டனர்; கோட்டின் கீழேயே அத்தாக்குதல் நிகழ்ந்ததென்றும், அவ்வெப்பமாற்றியின் சில பகுதிகளின் வெப்பநிலை அளக்கப்படாது மதிப்பிடப்பட்டே வந்ததென்றும் 2014இல் அறிவித்தனர். 2016இல், பற்றவைத்த பின் சூடேற்றிப் பதப்படுத்தப்படாத காபன் உருக்குக்கெனப் பழைய கோட்டிலும் தாழ்ந்த புதிய கோடொன்று வரையப்பட்டது.